கோஸ்ட் கார்ட் ஆய்வாளருக்கு இன்டர்ன்ஷிப்: கிளாஸா, கப்பல் கம்பெனியா, யார்டா?

அமெரிக்கக் கோஸ்ட் கார்ட் என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது ஆரஞ்சுப் பட்டை போட்ட வெள்ளைக் கப்பலும், புயலில் கயிறு இறக்கி ஆளைத் தூக்கும் ஹெலிகாப்டரும்தான். அந்த நாட்டில் வணிகக் கப்பல்களின் பாதுகாப்பைச் சோதிப்பதும் இதே சீருடைக்காரர்கள்தான் என்பது கப்பல் வேலையில் இல்லாதவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. இந்தியாவில் இது மத்திய அரசின் எம்.எம்.டி. (மெர்க்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட்) சர்வேயர்களின் வேலை. அவர்கள் சிவிலியன்கள், பெரும்பாலும் ஒரு காலத்தில் தாங்களே கேப்டனாகவோ சீஃப் இன்ஜினியராகவோ ஓடியவர்கள். அமெரிக்காவிலும் முன்பு கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. 1942-இல் போர்க்கால ஏற்பாடாக அந்தச் சிவிலியன் துறையைக் கோஸ்ட் கார்டோடு சேர்த்தார்கள், 1946-இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

சீருடைப் பணி என்றால் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றல் உண்டு. ஹூஸ்டனில் டேங்கர் பார்த்துப் பார்த்து ஒருவழியாகக் கை தேறியவரை அலாஸ்காவுக்கோ வாஷிங்டனில் ஒரு மேசைக்கோ அனுப்பிவிடுவார்கள். அவர் இடத்துக்கு வருகிறவர் யார்க்டவுன் பயிற்சி மையத்தில் படித்திருப்பார், விதிகள் விரல் நுனியில் இருக்கும், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு ஜெனரேட்டர் நின்றுபோய் அதைத் திறந்து பார்த்த அனுபவம் இருக்காது. எதிரே நிற்கிற சீஃப் இன்ஜினியருக்கு இது ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும். நானும் பல வருடம் அப்படி எதிரே நின்றவன்தான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். இந்த இடைவெளியை அடைக்கத்தான் கோஸ்ட் கார்ட் தன் ஆட்களில் சிலரைப் பல மாதங்களுக்குத் தொழில் நிறுவனங்களுக்குள்ளேயே அனுப்பி உட்காரவைக்கிறது. சம்பளம் அரசாங்கத்துடையது, மேசை கம்பெனியுடையது.

நண்பர் ஒருவரின் மகள் அங்கே லெப்டினன்ட், கப்பல் ஆய்வுப் பிரிவு. "மாமா, இந்த இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், கிளாஸ் நல்லதா, கப்பல் கம்பெனி நல்லதா, ஷிப்யார்டா?" என்று கேட்டாள். (கிளாஸ் என்றால் கப்பல் கட்டுவதற்கு விதி வகுத்து, அதன்படி இருக்கிறதா என்று சோதித்துச் சான்று தரும் நிறுவனம்; ஷிப்யார்ட் என்றால் கப்பலைக் கட்டிப் பழுது பார்க்கும் தளம்.) போனில் சொன்னது கொஞ்சம் அங்கும் இங்கும் போய்விட்டது, அதனால் எழுதிவைக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கப்பல் கம்பெனியின் கரை அலுவலகம், அதிலும் டெக்னிக்கல் டிபார்ட்மென்ட். ஏன் என்பதும், யாருக்கு இது பொருந்தாது என்பதும் கீழே.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாகப் பேசுகிறார்கள். ஸ்கில்பிரிட்ஜ் என்று இன்னொரு திட்டம் இருக்கிறது. அது பணியை விட்டு வெளியே போகிறவர்களுக்கானது. அமெரிக்க ராணுவப் பிரிவுகளில் இருப்பவர்கள் கடைசி 180 நாட்களுக்குள் ஒரு கம்பெனியில் வேலை பழகலாம், அதுவரை ராணுவச் சம்பளமே வரும், மேலதிகாரியின் சம்மதம் வேண்டும். கம்பெனிக்கு அது ஒரு நீண்ட இன்டர்வியூ. நான் இங்கே பேசுவது திரும்பி வந்து அதே ஆய்வு வேலையைப் பார்க்கப் போகிறவர்களுக்கான பயிற்சியைப் பற்றி. இரண்டுக்கும் இடம் தேடும் கணக்கே வேறு. வெளியே போகிறவர் தன்னை வேலைக்கு எடுக்கப் போகிற கம்பெனியைத் தேட வேண்டும். திரும்பி வருகிறவர் தனக்குத் தெரியாததைக் காட்டப் போகிற கம்பெனியைத் தேட வேண்டும்.

சரி, கிளாஸிலிருந்து தொடங்கலாம், பலருடைய முதல் விருப்பம் அதுதான். அமெரிக்காவின் கிளாஸ் நிறுவனமான அமெரிக்கன் பியூரோ ஆஃப் ஷிப்பிங்கின் தலைமை அலுவலகம் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங்கில் இருக்கிறது. அங்கே போனால் சர்வேயர்களோடு கப்பல் கப்பலாக ஏறலாம், வரைபடம் சரிபார்க்கும் இன்ஜினியர்களோடு உட்காரலாம், ஒரு தகடு எவ்வளவு தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பதற்குப் பின்னால் இருக்கும் கணக்கைப் பார்க்கலாம். படிப்பாளிகளுக்குச் சொர்க்கம். இன்னொரு நல்ல காரணமும் இருக்கிறது. அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பல்களில் கணிசமானவற்றைக் கோஸ்ட் கார்டின் சார்பாக கிளாஸ் சர்வேயர்களே சோதிக்கிறார்கள். மாற்று இணக்கத் திட்டம் என்று அதற்குப் பெயர். தன் பெயரில் இன்னொருவர் கையெழுத்துப் போடும்போது அவர் எப்படி வேலை பார்க்கிறார் என்று தெரிந்திருக்கத்தானே வேண்டும்?

எல் ஃபாரோ இந்தத் திட்டத்தில் இருந்த கப்பல். 1975-இல் கட்டியது. ஜாக்சன்வில்லில் இருந்து சான் ஹுவானுக்குப் போகும் வழியில், 2015 அக்டோபர் 1 அன்று ஹோவாகின் புயலில் மூழ்கியது, 33 பேரும் போனார்கள். அதன் சகோதரக் கப்பல் எல் யூங்கேயைப் பிறகு கோஸ்ட் கார்டின் அனுபவசாலிகள் ஏறிப் பார்த்தபோது, சரக்குத் தளத்துக் காற்றுக் குழாய்களில் எஃகு அரித்துப் போயிருந்தது. அது ஒரே நாளில் பிடித்த துரு இல்லை, வருடக்கணக்கில் இருந்திருக்க வேண்டும். கிளாஸும் பார்த்திருக்கிறது, கோஸ்ட் கார்டும் பார்த்திருக்கிறது, யார் கண்ணிலும் படவில்லை. கடைசியில் அந்தக் கப்பலை உடைக்க அனுப்பினார்கள். அதற்குப் பிறகு கிளாஸைக் கண்காணிக்கும் வேலையைக் கோஸ்ட் கார்ட் இறுக்கியது.

இந்தக் கதையை வைத்தே கிளாஸுக்குப் போகலாம் என்று வாதாடலாம். எனக்கு அது எதிர்ப்பக்கம் இழுக்கிறது. கிளாஸ் சர்வேயரும் கோஸ்ட் கார்ட் ஆய்வாளரும் கப்பலில் நிற்கிற இடம் ஒன்றுதான்: இருவருமே வெளியிலிருந்து வருகிறவர்கள், கப்பல்காரர்கள் காட்டுவதைப் பார்க்கிறவர்கள், மாலைக்குள் இறங்கிப் போகிறவர்கள். கிளாஸில் பல மாதம் இருந்துவிட்டு வந்தால் அதே ஜன்னல் வழியாக இன்னும் கூர்மையாகப் பார்ப்பீர்கள். வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது அப்போதும் தெரியாது.

அதற்குத்தான் கப்பல் கம்பெனி. டெக்னிக்கல் சூப்பரின்டென்டென்ட் என்று ஒருவர் இருப்பார், அமெரிக்கக் கம்பெனிகளில் போர்ட் இன்ஜினியர் என்பார்கள். நாலைந்து கப்பல் அவர் தலையில் இருக்கும். காலையில் கணினியைத் திறந்தால் ஒரு கப்பலில் எரிபொருளைச் சுத்தம் செய்யும் பியூரிஃபையர் ஓடவில்லை, இன்னொன்றில் கேட்ட உதிரிபாகம் துறைமுகத்துக்கு வரவில்லை, மூன்றாவதில் சீஃப் இன்ஜினியர் இறங்கியே ஆக வேண்டும் என்கிறார், நடுவில் நிதிப் பிரிவு இந்தக் காலாண்டில் செலவு எல்லை தாண்டிவிட்டது என்று மெயில் போட்டிருக்கும். எதை இப்போது வாங்குவது, எதை டிரைடாக் (கப்பலைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்திப் பழுது பார்ப்பது) வரைக்கும் தள்ளுவது, எதற்குக் கிளாஸிடம் கால நீட்டிப்புக் கேட்பது என்று அவர் தினமும் முடிவு செய்துகொண்டே இருப்பார். ஆய்வாளர் கப்பலில் பார்ப்பதெல்லாம் அந்த முடிவுகள் போய்ச் சேர்ந்த இடத்தைத்தான். அவை பிறக்கிற இடத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்து பார்த்தவர் அடுத்த முறை கப்பலில் ஏறும்போது, ஃபைல் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்பதைவிட, கேட்டும் வராத உதிரிபாகங்களின் பட்டியல் எவ்வளவு நீளம் என்று முதலில் கேட்பார். அந்தக் கேள்வி வந்தால் சீஃப் இன்ஜினியரின் முகம் மாறும், நல்லபடியாகவே.

1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸீபுருகே துறைமுகத்துக்கு வெளியே ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்ற ஃபெர்ரி முன்கதவு திறந்தபடியே கிளம்பிக் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தார்கள். கதவு மூடியிருக்கிறதா என்று பிரிட்ஜிலிருந்தே தெரிய ஒரு விளக்கு வையுங்கள் என்று அந்தக் கம்பெனியின் கேப்டன்கள் அதற்கு முன்பே எழுதிக் கேட்டிருந்தார்கள். கரை அலுவலகம் கிண்டலடித்துப் பதில் போட்டது. இன்று ஒவ்வொரு கப்பலிலும் ஆய்வாளர் புரட்டும் ஐ.எஸ்.எம். என்ற சர்வதேசப் பாதுகாப்பு நிர்வாக விதித்தொகுப்பு உருவானதற்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். தவறு கரை அலுவலகத்திலும் நடக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு எழுதிய விதிகள் அவை. அதைச் சோதிக்கிற ஆய்வாளர் ஒரு கரை அலுவலகத்துக்குள் காலே வைத்ததில்லை என்றால் கோப்பில் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு நின்றுவிடுவார்.

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம் வேண்டுமென்றால் டாலி. 2024 மார்ச் 26 அதிகாலையில் பால்டிமோரிலிருந்து கிளம்பிய கண்டெய்னர் கப்பல், மின்சாரம் போய்ப் போய் வந்து, கடைசியில் ஃபிரான்சிஸ் ஸ்காட் கீ பாலத்தில் மோதியது. பாலத்தில் சாலை வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆறு பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் இந்தியர்கள், ஒருவர் இலங்கைக்காரர், அவர்கள் மாதக்கணக்கில் அந்தக் கப்பலிலேயே அடைபட்டுக் கிடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். முதல் மின்வெட்டுக்குக் காரணம் ஒரு கம்பி: அதன் முனையில் மாட்டிய லேபிள் இடிபட்டு, டெர்மினலுக்குள் முழுதாக இறங்காமல் தளர்வாக உட்கார்ந்திருந்தது என்று அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. 2025-இல் சொன்னது. அதைவிட எனக்கு உறுத்தியது இன்னொன்று. ஜெனரேட்டர்களுக்கு எரிபொருள் கொடுக்க குழாய்களைக் கழுவுவதற்கான ஃப்ளஷிங் பம்ப்பை வழக்கமான பம்ப்பாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள், மின்வெட்டுக்குப் பிறகு அது தானாக மறுபடி ஓடாது, ஒருவர் போய்ப் போட வேண்டும். சில மாதங்களுக்கு முன், 2023 செப்டம்பரில், நியூயார்க்கில் கோஸ்ட் கார்ட் அதே கப்பலில் ஏறிப் பார்த்திருக்கிறது. குறை எதுவும் எழுதவில்லை.

அந்த ஆய்வாளரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான கம்பி முனைகளை யாராலும் இழுத்துப் பார்க்க முடியாது. ஆனால் பம்ப் விஷயம் வேறு வகை. எந்தப் பம்ப்பை எதற்கு ஓட்டுகிறோம் என்பது கப்பலின் தினசரிப் பழக்கம், தப்பான பழக்கமும் சில வாரத்தில் சாதாரணமாகிவிடும், யாரும் ஒளிப்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. இப்படிப் பழக்கங்கள் உருவாவதை உள்ளே இருந்து பார்த்தவருக்குத்தான் "இந்தப் பம்ப் ஏன் ஓடுகிறது?" என்று கேட்கத் தோன்றும். இதுதான் கம்பெனி இன்டர்ன்ஷிப்புக்கு நான் போடுகிற ஓட்டு.

குறையும் இருக்கிறது. அமெரிக்கக் கொடியின் கீழ் ஓடும் பெரிய கடல் கப்பல்கள் 200 கூடக் கிடையாது, அதனால் கம்பெனிகளும் குறைவு, இடமும் குறைவு. சில கம்பெனிகள் பயிற்சிக்கு வருகிறவரை மரியாதையாக உட்காரவைத்து, பவர்பாயின்ட் காட்டி, பாதுகாப்புக் கூட்டங்களுக்கு மட்டும் கூப்பிட்டு, நல்ல ஹோட்டலில் தங்கவைத்து அனுப்பிவிடும். கோஸ்ட் கார்ட் ஆள் உள்ளே இருக்கிறார் என்றதும் எல்லோரும் நாக்கைக் கடித்துக்கொண்டு பேசுவார்கள், இது இயல்புதான். முதல் சில வாரம் வாயை மூடிக்கொண்டு எடுபிடி வேலையெல்லாம் செய்துகொடுத்தால் சூப்பரின்டென்டென்ட் மெல்ல மெல்லத் தன் உண்மையான தலைவலிகளைச் சொல்ல ஆரம்பிப்பார்.

ஷிப்யார்டுக்கு என் கணக்கில் இரண்டாம் இடம், ஆய்வு வேலைக்குப் புதிதாக வந்தவர் என்றால் முதலிடம்கூடக் கொடுக்கலாம். டாங்குக்குள் இறங்க, உள்ளே ஆபத்தான வாயு இருக்கிறதா என்று சோதிக்கும் மரைன் கெமிஸ்ட் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் ஏன் வேண்டும், வெல்டிங் நடக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் ஏன் நிற்க வேண்டும், தடிமன் அளக்கிறவர் எந்த இடத்தில் கருவியை வைக்காமல் நகர்கிறார், பெயிண்ட் அடித்த பிறகு துரு எப்படிக் காணாமல் போகிறது, இதெல்லாம் யார்டில் நின்றால்தான் பிடிபடும். 1983 பிப்ரவரி 12 அன்று வர்ஜீனியா கடற்கரைக்கு அப்பால் மூழ்கிய மரைன் எலெக்ட்ரிக் நிலக்கரிக் கப்பலை யாரும் மறக்கக் கூடாது. 34 பேரில் மூன்று பேர் பிழைத்தார்கள். சரக்கு அறையின் வாயை மூடும் ஹேட்ச் மூடிகளில் ஓட்டை விழுந்து ஒட்டுப் போட்டிருந்தது. தாளில் எல்லாச் சான்றிதழும் சுத்தமாக இருந்தது. குளிர் கடலில் ஓடும் கப்பல்களில் உடம்பை முழுதும் மூடும் உயிர்காப்பு உடை கட்டாயமானதும், ஹெலிகாப்டரிலிருந்து குதிக்கும் மீட்பு நீச்சல்காரர்கள் கோஸ்ட் கார்டுக்கு வந்ததும் அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். ஒரு ஹேட்ச் மூடியைக் கழற்றி, வெட்டி, புதுத் தகடு வைத்து, தண்ணீர் பீய்ச்சிச் சோதிப்பதை முழுதாக ஒருமுறை பார்த்தவர் அப்படிப்பட்ட ஒட்டைக் கடந்து போக மாட்டார். யார்டின் பலவீனம், அங்கே கப்பல் செத்த மாதிரிக் கிடக்கும். ஓடுகிற இன்ஜின் அறையின் சூடும் அவசரமும் தெரியாது.

டக் (இழுவைப் படகு, தள்ளுபடகு) கம்பெனிகளை இளைஞர்கள் கொஞ்சம் மட்டமாக நினைக்கிறார்கள், அது தப்பு. மிசிசிப்பியின் மேல்பகுதியில் ஒரு தள்ளுபடகு 15 பார்ஜ்களை (இன்ஜின் இல்லாத சரக்குப் படகுகளை) சேர்த்துக் கட்டித் தள்ளிக்கொண்டு போகும், கீழ்ப்பகுதியில் 30, 40 கூடப் போகும். இந்தப் படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு நீண்ட காலம் முறையான அரசுச் சோதனையே கிடையாது. 1993 செப்டம்பரில் அலபாமாவில் மாவில்லா என்ற தள்ளுபடகு மூடுபனியில் வழிதவறி ஒரு ரயில் பாலத்தில் முட்டியது, கொஞ்ச நேரத்தில் வந்த சன்செட் லிமிடெட் ரயில் கவிழ்ந்து 47 பேர் இறந்தார்கள். இழுவைப் படகுகளைச் சோதிக்கச் சொல்லிக் காங்கிரஸ் சட்டம் போட்டது 2004-இல், சப்சாப்டர் எம் என்ற விதிகள் வந்தது 2016-இல், நடைமுறைக்கு வந்தது 2018-இல். ஐயாயிரத்துக்கும் மேல் படகுகள் ஒரேயடியாகச் சோதனை வளையத்துக்குள் வந்துவிட்டன. எனவே உங்களுடைய அடுத்த மாற்றல் நியூ ஆர்லியன்ஸ், பெடுக்கா, செயின்ட் லூயிஸ் போன்ற ஆற்றுத் துறைமுகங்கள் பக்கம் என்றால் நான் மேலே சொன்ன வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு டக் கம்பெனிக்குப் போங்கள். அங்கே கரை அலுவலகமும் படகும் ஒரே தெருவில் இருக்கும், காலையில் அலுவலகத்தில் கேட்ட சண்டைக்குச் சாயங்காலம் படகில் விடை தெரியும். நாலைந்து பேர் கொண்ட குழு, ஆறு மணி நேரம் வேலை ஆறு மணி நேரம் ஓய்வு என்று மாறி மாறி ஓடுவது, தூக்கம் என்னவாகிறது என்பதை உடம்பே சொல்லிக்கொடுக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பயணிகள் கப்பல் கம்பெனிகள் பளபளப்பானவை, கூட்டத்தை வெளியேற்றும் பயிற்சியும் தீயணைப்பு அமைப்புகளும் அங்கே மிக நன்றாக இருக்கும், ஆனால் அது தனி உலகம், ஃபுளோரிடாவுக்கு வெளியே பெரிதாகக் கைகொடுக்காது. எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) முனையத்தை டெக்சாஸ், லூசியானா பக்கம் போகிறவர்கள் மட்டும் பார்க்கலாம். துறைமுக நிர்வாகத்தில் உட்கார்ந்தால் யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பது தெரியும், கப்பலைப் பற்றி அதிகம் தெரியாது. பின்னால் துறைமுகத் தலைமைப் பொறுப்புக்குப் போக நினைக்கிற இடைநிலை அதிகாரிகளுக்கு அது சரி.

எங்கே போனாலும் ஒரு வில்லங்கம் கூடவே வரும். நாளைக்குச் சோதிக்கப் போகிற கம்பெனியின் சாப்பாட்டை இன்று சாப்பிடுகிறீர்கள். அமெரிக்க அரசு விதிப்படி ஒருவரிடமிருந்து ஒரு தடவைக்கு 20 டாலர், வருடத்துக்கு 50 டாலர் மதிப்புக்கு மேல் அன்பளிப்பு வாங்கக் கூடாது. காபி, சாண்ட்விச் பிரச்சினை இல்லை, கிறிஸ்துமஸ் விருந்தும் கோல்ஃப் நாளும் பிரச்சினை. அதைவிடச் சிக்கல், நடுவில் கம்பெனி "வேலையை விட்டு வந்துவிடேன்" என்று பேச்சைத் தொடங்கினால். பதிலுக்கு நீங்களும் பேச ஆரம்பித்த நிமிடத்திலிருந்து அந்தக் கம்பெனி சம்பந்தப்பட்ட அரசு வேலையில் கை வைக்க முடியாது. அதனால் உங்கள் அடுத்த துறைமுகத்தில் தினமும் கப்பல் வந்துபோகும் கம்பெனியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அதே வகைக் கப்பல், வேறு கடற்கரை, இதுதான் நல்லது. பசிபிக் பக்கம் மாற்றல் என்றால் அட்லாண்டிக் பக்கத்துக் கம்பெனியில் பழகுங்கள். போவதற்கு முன் யூனிட்டின் சட்ட அதிகாரியிடம் எதைச் செய்யலாம், எதைக் கூடாது என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நண்பரின் மகளுக்குக் கம்பெனி என்றுதான் முடிவாகியிருக்கிறது, ஆனால் அவளிடம் ஒரு நிபந்தனையும் சொன்னேன். கையெழுத்துப் போடும் முன், அவர்களுடைய கப்பல்களில் எது எந்த மாதம் டிரைடாக் ஏறுகிறது என்று கேட்க வேண்டும். கடல் கப்பல் ஐந்து வருடத்தில் இரண்டு முறை டிரைடாக் பார்க்கும், அதனால் நாலைந்து கப்பல் உள்ள கம்பெனியில் வருடத்துக்கு ஒன்றாவது மாட்டும். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே போய்ச் சேர்ந்தால் வேலைப் பட்டியல் தயாராவதையும், பணம் போதாமல் அதில் எதெது அடிபடுகிறது என்பதையும் அலுவலகத்தில் பார்த்துவிட்டு, சூப்பரின்டென்டென்டோடு யார்டுக்குப் போய் தகடு வெட்டுவதைப் பார்க்கலாம். கிளாஸ் சர்வேயர் வந்து அது போதாது, இன்னும் நாலு தகடு மாற்று என்பார். அதைக் கப்பல்காரர் பக்கம் நின்று கேட்கலாம். ஒரே இன்டர்ன்ஷிப்பில் மூன்றும் கிடைக்கிறது. டிரைடாக் தேதியைச் சொல்ல மழுப்புகிற கம்பெனி என்றால், அடுத்த கம்பெனிக்குப் போன் போடு என்று சொல்லியிருக்கிறேன்.